ஓட்டுப்போட வைப்பவர்கள் தங்கள் ஓட்டை எப்படிப் போடுகிறார்கள்?

ஒவ்வொரு பொதுத்தேர்தலின்போதும் வாக்குப்பதிவுக்கு நாலைந்து நாள் இருக்கையில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். பயிற்சி வகுப்புக்கு வந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தங்களுக்குத் தபால் வாக்குச்சீட்டு வரவில்லை என்று அதிகாரிகளிடம் வாக்குவாதம் செய்தார்கள், பெயர்ப் பட்டியலில் விடுபட்டவர்கள் நாளை வரச்சொல்லி அனுப்பப்பட்டார்கள் என்று நான்கு வரி. படிக்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஊருக்கெல்லாம் விரலில் மை வைக்கிறவர்களுக்குத் தங்கள் ஓட்டைப் போட இவ்வளவு பாடா? அக்கறை இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கலாமே என்ற சந்தேகமும் கூடவே எழும்.

அக்கறைக் குறைவுக்கு இதில் சிறு பங்குதான். தேர்தல் பணியில் இருப்பவரின் ஓட்டு இரண்டு விதிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சாவடியில் பணி என்பது கடைசி வரை அவருக்குத் தெரியக்கூடாது. இது முதல் விதி. எங்கே பணி என்று தெரிந்தால்தான் எந்த வழியில் ஓட்டுப்போடுவது என்பது முடிவாகும், இது இரண்டாவது. முதல் விதி முறைகேட்டைத் தடுக்க வந்தது, அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் அந்த ஊழியர்தான்.

## பணியை மறுக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 159ஆவது பிரிவில், தேர்தல் வேலைக்குத் தேவையான ஊழியர்களைத் தரும்படி உள்ளாட்சி அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், அரசு நிறுவனங்கள், அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்புகள் ஆகியவற்றுக்குக் கட்டளையிடுகிறது. அதே சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் வரை, பணிக்கு எடுக்கப்பட்டவர் தேர்தல் ஆணையத்துக்கு அயல்பணியில் அனுப்பப்பட்டவராகவே கருதப்படுவார். ஆணையத்தின் கட்டுப்பாடு, மேற்பார்வை, ஒழுங்கு நடவடிக்கை மூன்றும் அவர்மேல் பாயும்.

கடமை தவறினால் 134ஆவது பிரிவு 500 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அந்த 500 ரூபாய்க்கு யாரும் பயப்படுவதில்லை. துறையிலிருந்து வரும் விளக்கக் குறிப்பாணைக்கும், அதன் பின்னால் வரக்கூடிய ‘17பி’க்கும்தான் பயம். தமிழ்நாட்டு அரசு ஊழியர் வட்டாரத்தில் 17பி என்றால் பதவி உயர்வைத் தடுத்து நிறுத்தக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருந்தது: கற்பித்தல் அல்லாத வேலைக்கு அவர்களை எடுக்கலாமா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27ஆவது பிரிவில் கூடாது என்று சொல்லிவிட்டு மூன்று விலக்குகளைக் கொடுத்தது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். ஆகவே அந்தக் கதவும் மூடப்பட்டது. கர்ப்பிணிகளும் கடும் நோயுள்ளவர்களும் மருத்துவச் சான்றுடன் விலக்கு கேட்கலாம். மற்றவர்கள் போய்த்தான் ஆகவேண்டும்.

எத்தனை பேர் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,321 வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஒரு தலைமை அலுவலர், மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள் என்று நால்வரை மட்டும் வைத்தாலே 2,73,284 பேர். கொரோனா காலத்தில் நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் கூட்டத்தைக் குறைக்கச் சாவடிகளை 88,937 ஆக்கினார்கள். அதே கணக்கில் 3,55,748 பேர். கூடுதலாக வைத்திருக்கும் இருப்புப் பணியாளர்கள், மண்டல அலுவலர்கள், காவலர்கள், வாகன ஓட்டுநர்கள் இதில் சேரவில்லை.

234 தொகுதிகளுக்கும் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக 1,500 பேருக்கு மேல். அதே 2021 தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு, மொடக்குறிச்சியில் 281, காட்பாடியில் 746. ஒரு தொகுதியில் பணிசெய்கிறவர்களின் ஓட்டு அதே தொகுதியில்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும் இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

## சாவடியை விட்டு ஏன் நகர முடியாது?

“பக்கத்துத் தெருவில்தான் உன் பூத், ஐந்து நிமிடம் போய்ப் போட்டுவிட்டு வா” என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும் என்று பார்க்கலாம்.

முந்தைய நாள் காலையிலேயே பொருள்கள் வழங்கும் மையத்துக்குப் போய், எந்தச் சாவடி என்ற ஆணையை வாங்கிக்கொண்டு, மாலைக்குள் சாவடிக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூடம். இரவு அங்கேயே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் படுப்பார்கள். குழாயில் தண்ணீர் வருமா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்குமா என்பது அந்தப் பள்ளியின் நிலையைப் பொறுத்தது. பெண் ஊழியர்களின் முதல் கவலை ஓட்டுப்பதிவு எந்திரத்தைப் பற்றியதாக இருப்பதில்லை.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகளைப் பதிந்து, எந்திரத்தின் கண்ட்ரோல் யூனிட்டில் வரும் முடிவை, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, பதிந்தவற்றையெல்லாம் அழிக்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டால் அந்த எந்திரத்தின் கணக்கே குழம்பும். வாக்கு எண்ணும் நாளில் அதைத் தனியே ஒதுக்கி வைக்க நேரும். அதன்பின் ஒருவர் பட்டியலில் பெயரைக் குறிப்பார், ஒருவர் மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார், ஒருவர் கண்ட்ரோல் யூனிட்டின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். மூவரில் ஒருவர் எழுந்து போனால் வரிசை நின்றுவிடும். தலைமை அலுவலர் வெளியே போவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும். கடைசியில் நிற்பவருக்கு முதல் எண், அங்கிருந்து முன்னோக்கி. அப்போதுதான் பின்னால் யாரும் வந்து நுழைய முடியாது. பிறகு எந்திரத்தை முடித்து, முத்திரை வைத்து, பதிவான வாக்குக் கணக்கான 17சி படிவத்தை நிரப்பி முகவர்களுக்கு நகல் கொடுத்து, மண்டல அலுவலரின் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். வண்டி பத்துப் பன்னிரண்டு சாவடிகளைச் சுற்றிவிட்டு வரும். நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வருவது சாதாரணம்.

## அவர்களுக்கு உள்ள இரண்டு வழிகள்

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள், பணியில் உள்ள வாக்காளருக்கு இரண்டு வழிகளைத் தருகின்றன.

1. தேர்தல் பணிச் சான்று. தன் ஓட்டு இருக்கும் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்தால், படிவம் 12ஏ கொடுத்து இந்தச் சான்றை வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு, தான் பணிசெய்யும் சாவடியிலேயே எந்திரத்தில் ஓட்டுப்போடலாம். அவர் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். உறை இல்லை, சான்றொப்பம் இல்லை. ஓட்டும் மற்ற ஓட்டுகளோடு கலந்துவிடும். வாக்குப்பதிவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

2. தபால் வாக்குச்சீட்டு. பணி வேறு தொகுதியில் என்றால் இது ஒன்றுதான் வழி. படிவம் 12ஐ, தன் பெயர் பட்டியலில் உள்ள தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு, ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். அலுவலர் விரும்பினால் இந்தக் கெடுவைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் வழி எவ்வளவு எளிது என்பதைக் கவனிக்கவும். ஆனால் அது யாருக்குக் கிடைக்கும் என்பது எந்தத் தேர்தல் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோரைக் குழப்புகிற இடம் இதுதான்.

பணியாளரை அவர் வசிக்கும் அல்லது வேலைசெய்யும் சட்டமன்றத் தொகுதியில் போடக்கூடாது என்பது ஆணையத்தின் பொதுவான அறிவுரை. பாளையங்கோட்டைத் தொகுதியில் ஓட்டுள்ள ஒருவருக்கு நாங்குநேரியில் பணி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தல் என்றால் இரண்டும் திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் அடக்கம். எந்திரத்தில் ஒரே வேட்பாளர் பட்டியல். பணிச் சான்று போதும். அதே நபருக்கு அதே நாங்குநேரியில் சட்டமன்றத் தேர்தல் பணி வந்தால், அங்குள்ள எந்திரத்தில் இருப்பது வேறு வேட்பாளர்கள். சான்று பயன்படாது. தபால் வாக்குதான்.

ஆகவே மக்களவைத் தேர்தலில் பலரும் எளிதாக ஓட்டுப்போட்டுவிடுகிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் ஏறக்குறைய எல்லோரும் காகிதத்தின் வழியாகப் போகவேண்டியிருக்கிறது. “போன தடவை பணிச் சான்றில் போட்டேனே, இந்தத் தடவை ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள்?” என்று பயிற்சி வகுப்பில் எழும் சண்டைக்குக் காரணம் அலுவலரின் பிடிவாதம் இல்லை.

## குலுக்கல்

பணி ஒதுக்கீடு கணினிக் குலுக்கல் முறையில் மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மாவட்டத்தின் ஊழியர் பட்டியலிலிருந்து தேவையானவர்கள் தேர்வாகிறார்கள். இரண்டாவதில் தொகுதி முடிவாகி, யார் யாரோடு ஒரே குழு என்பதும் முடிவாகிறது. மூன்றாவதில் சாவடி. இந்தக் கடைசிக் குலுக்கல் வாக்குப்பதிவுக்கு மிக நெருக்கத்தில்தான் நடக்கும்.

இவ்வளவு ஒளிவு எதற்கு? சாவடியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது பத்து நாள் முன்னால் ஊருக்குத் தெரிந்தால், உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருவர் அவர்களின் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடுவார். பணமோ மிரட்டலோ பின்னால் வரும். குலுக்கல் அதை அறுத்தது. இதில் ஊழியர்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், முதல் பயிற்சி வகுப்பில் படிவத்தைக் கையில் கொடுக்கும்போது அவருக்குத் தன் பணித் தொகுதி தெரியாது. படிவம் 12 கொடுப்பதா, 12ஏ கொடுப்பதா என்று அவரால் தீர்மானிக்க முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு குலுக்கலில் வேறுவிதமாக விழுந்தால், முதலில் கொடுத்ததைத் திருத்துவதற்கு ஓட வேண்டும். எல்லா மாவட்டத்திலும் அதற்கு ஒரே மாதிரி வசதி இருப்பதில்லை.

## படிவம் 12 எங்கே தடுக்கி விழுகிறது?

ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். ஓசூருக்கு அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை. ஓட்டு அம்பாசமுத்திரத்தில், அம்மா வீட்டு முகவரியில். பயிற்சி நடக்கும் கல்லூரி அரங்கில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் படிவத்தை வைத்து எழுதுகிறார். பெயர், அடையாள அட்டை எண் வரை சிரமமில்லை. அடுத்துப் பாகம் எண், வரிசை எண். கைப்பேசியில் பழைய பூத் ஸ்லிப்பின் படம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவிடுகிறார்.

அங்கேதான் தவறு நுழைகிறது. அடையாள அட்டை எண் மாறாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பட்டியல் திருத்தப்படும்போதெல்லாம் மாறக்கூடியவை. ஒரு சாவடியை இரண்டாகப் பிரித்தாலே இரண்டும் மாறிவிடும். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பழைய ஸ்லிப்பை நம்புவதில் அர்த்தமே இல்லை. பாகம் எண் தவறாக இருந்தால் அம்பாசமுத்திரத்தில் உள்ள எழுத்தர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார், பெயர் இருக்காது, விண்ணப்பத்தை ஒதுக்கி வைப்பார். ஒதுக்கி வைத்தது ஓசூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டாவது வகுப்புக்கு வந்து வரிசையில் நின்று, பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதைக் காணும்போதுதான் தெரிகிறது.

வழியில் வேறு இடறல்களும் உண்டு:

1. விண்ணப்பம் இரண்டு அலுவலகங்களைக் கடக்கிறது. பணிசெய்யும் மாவட்டத்தில் வாங்கி, தொகுதிவாரியாகப் பிரித்து, ஓட்டு உள்ள மாவட்டத்துக்கு அனுப்பி, அங்கே சரிபார்த்து, வாக்குச்சீட்டு திரும்பி வரவேண்டும். ஒரு கட்டு தாமதமானால் நூறு பேருக்குத் தாமதம்.

2. வாக்குச்சீட்டை முன்னதாக அச்சடிக்க முடியாது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்குப் பிறகுதான் பெயர்களும் சின்னங்களும் இறுதியாகும். 2024இல் அந்த நாள் மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. இடையில் 20 நாள். கரூரில் அந்த முறை 54 வேட்பாளர்கள். அந்த நீளத்துக்கு ஒரு தாளை அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு, மாநிலம் முழுக்க அனுப்ப வேண்டியிருந்தது.

3. பணியாணையின் நகலை இணைக்க மறப்பது. இது முழுக்க விண்ணப்பிப்பவரின் தவறு.

## உறைக்குள் உறை, அதற்குள் ஒரு கையெழுத்து

தபால் வாக்கில் நான்கு காகிதங்கள் உண்டு: வாக்குச்சீட்டு, 13ஏ உறுதிமொழி, 13பி உள் உறை, 13சி வெளி உறை. வாக்குச்சீட்டில் குறியிட்டு உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்திட்டு, ஓர் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ, பணிசெய்யும் சாவடியின் தலைமை அலுவலரிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். உள் உறையையும் உறுதிமொழியையும் வெளி உறையில் வைக்க வேண்டும். உறுதிமொழி உள் உறைக்குள் போய்விட்டால் ஓட்டுச் செல்லாது. வாக்குச்சீட்டின் வரிசை எண் உறுதிமொழியிலும் உள் உறையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணும்போது வெளி உறையைத் திறந்து முதலில் உறுதிமொழியைத்தான் பார்ப்பார்கள். கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை என்றால் உள் உறையைத் திறக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள். யாருக்கு ஓட்டு என்பதை யாரும் பார்க்கப்போவதே இல்லை.

இந்தக் கையெழுத்து எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை, தி.மு.க.வின் மு. அப்பாவுவை 49 ஓட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. எண்ணாமல் ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. அவற்றின் உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டிருந்தவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். தலைமையாசிரியரின் கையெழுத்தைச் சான்றொப்பமாக ஏற்கலாமா என்ற கேள்வியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவி தொங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் தேதி, அந்த 203 ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்று எந்திர வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்து 2021இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. அதே தொகுதியில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார்.

அந்த 203 பேரில் ஒருவரும் அலட்சியமாக இருக்கவில்லை. விண்ணப்பித்து, வாங்கி, குறியிட்டு, கையெழுத்து வாங்கி, உரிய நேரத்துக்குள் சேர்த்தவர்கள். தங்களுக்குத் தெரிந்த மேலதிகாரியிடம், அதாவது தலைமையாசிரியரிடம், கையெழுத்து வாங்கியவர்கள்.

வெற்றி வித்தியாசத்தைவிட ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை அனைத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று இப்போது ஆணையத்தின் அறிவுரை இருக்கிறது. 2025 செப்டம்பரில் இன்னொரு மாற்றமும் வந்தது: தபால் வாக்குகளை எண்ணி முடித்த பிறகே எந்திர வாக்குகளின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும்.

## 2023இல் மாறியது என்ன?

முன்பெல்லாம் தபால் வாக்குச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். 2021இல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. 26 நாள் அவகாசம். மறந்தவருக்குக்கூட நேரம் இருந்தது. ஆனால் அவ்வளவு நாள் ஓர் ஓட்டு வீட்டு அலமாரியில் இருந்தால் யார் யார் கண்ணெல்லாம் அதில் படும் என்று சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துக்காரர் கேட்பார், சொந்தக்காரர் கேட்பார், விலை பேசுகிறவரும் வரலாம்.

2023 ஆகஸ்டில் விதிகளில் 18ஏ என்ற புது விதி சேர்ந்தது. பணியில் உள்ள வாக்காளர் தன் தபால் வாக்குச்சீட்டை அதற்காகவே அமைக்கும் வசதி மையத்தில்தான் பெற வேண்டும், அங்கேயே குறியிட வேண்டும், அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வெளியே எடுத்துச் செல்ல முடியாது. சான்றொப்பமிடும் அலுவலரும் அங்கேயே இருப்பார்.

என் கணிப்பில் இது ஒரு நோயைத் தீர்த்து வேறொன்றைக் கூட்டியிருக்கிறது. ராதாபுரம் போன்ற கையெழுத்துத் தகராறுக்கு இனி இடம் மிகக் குறைவு. அது பெரிய நன்மை. பதிலுக்கு, 26 நாளில் செய்திருந்ததை மையம் திறந்திருக்கும் சில நாள்களுக்குள் செய்ய வேண்டும். அந்த நாளில் வாக்குச்சீட்டு வந்து சேரவில்லை என்றால், அல்லது பட்டியலில் பெயர் இல்லை என்றால், பின்னால் தபாலில் அனுப்பிச் சரிக்கட்டும் வழி இல்லை. மையத்தின் வாசலில் வாக்குவாதம் நடப்பதற்கு இதுதான் காரணம். முன்பு யாருக்கும் தெரியாமல் வீட்டில் வீணான ஓட்டு, இப்போது எல்லோர் கண்முன்னும் வீணாகிறது.

## பட்டியலில் விழும் அந்த இரண்டு எழுத்து

படிவம் 12 ஏற்கப்பட்டதும், அவர் பெயருக்கு எதிரே வாக்காளர் பட்டியலின் குறியிட்ட பிரதியில் ‘பிபி’ என்று எழுதுவார்கள். தபால் வாக்குப் பெற்றவர் என்று பொருள். இரண்டு முறை ஓட்டுப்போடுவதைத் தடுக்க இது அவசியம்.

ஆனால் இருப்புப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். யாராவது வராமல் போனால் நிரப்புவதற்காக எடுத்துவைத்தவர்கள் இவர்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மாலை வரை மையத்தில் உட்கார வைத்துவிட்டு, தேவையில்லை என்று அனுப்பிவிடலாம். மறுநாள் காலை ஓய்வாகத் தன் சாவடிக்குப் போனால், பெயருக்கு எதிரே ‘பிபி’. அவர் தபால் வாக்கை மையத்தில் போடாமல் விட்டிருந்தாலும் எந்திரத்தில் போட முடியாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலர் அவருக்கு நன்கு தெரிந்த சக ஆசிரியராகவே இருக்கலாம்; அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

## பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள்

தேர்தல் பணி என்றால் ஆசிரியர் மட்டும் என்ற நினைப்பு தவறு. காவலர்கள், தேர்தலுக்கு எடுக்கப்பட்ட வண்டிகளின் ஓட்டுநர்கள், கிளீனர்கள் ஆகியோரும் இதே வழியில் ஓட்டுப்போடலாம். கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களையும் விதி இந்த வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.

தேர்தல் பணி இல்லாமல், வழக்கமான வேலையால் மாட்டிக்கொள்பவர்கள் தனி ரகம்: மின்வாரிய ஊழியர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இவர்களது சேவையை அந்தத் தேர்தலுக்கான அத்தியாவசியப் பணிப் பட்டியலில் ஆணையம் சேர்த்திருந்தால் படிவம் 12டி கொடுத்துத் தபால் வாக்கு பெறலாம்; அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத துறையினருக்கு வழியில்லை. வாக்களிக்க ஊருக்குப் போகும் கூட்டத்தைக் கிளாம்பாக்கத்திலிருந்து விடிய விடிய ஏற்றிக்கொண்டு போகும் பஸ் ஓட்டுநரின் நிலைமை அந்தந்தத் தேர்தலின் பட்டியலைப் பொறுத்தது.

## ராணுவ வீரருக்கு முடிகிறது, ஆசிரியருக்கு ஏன் முடியவில்லை?

ராணுவத்தினருக்கு 2003 முதல் பதிலாள் மூலம் ஓட்டுப்போடும் உரிமை உண்டு. 2016இல் விதியைத் திருத்தி, வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பவும் ஏற்பாடு செய்தார்கள். அவர் இறக்கிக்கொண்டு, அச்செடுத்து, குறியிட்டுத் தபாலில் அனுப்புகிறார். போகும் வழித் தாமதம் நீங்கிவிட்டது. ஓசூருக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே அதே வசதியைச் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை. வசதி மையத்திலேயே, அலுவலர் முன்னிலையில், அந்த வாக்காளரின் தொகுதிச் சீட்டை அச்செடுத்துக் கொடுக்கலாம். அதற்கு விதியைத் திருத்த வேண்டும்.

இன்னொரு யோசனை எந்திரத்தையே மாற்றுவது. 2022 டிசம்பரில் ஆணையம், ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு எந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. வெளியூரில் வேலைசெய்யும் தொழிலாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது அது. 2023 ஜனவரியில் அதைக் காட்டுவதற்காகக் கட்சிகளைக் கூப்பிட்டபோது எதிர்க்கட்சிகள் பல கேள்விகளை எழுப்பின. எந்திரம் தேர்தலுக்கு வரவில்லை. வந்திருந்தால் பணிச் சான்று வைத்திருக்கும் எவரும் எந்தத் தொகுதியில் பணி என்ற கவலை இல்லாமல் அங்கேயே ஓட்டுப்போட்டிருக்க முடியும்.

## இப்போதைக்குச் செய்யக்கூடியது

1. முதல் பயிற்சி வகுப்புக்கு முன், தற்போதைய இறுதிப் பட்டியலில் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. வேலைசெய்யும் ஊரிலேயே வீடெடுத்து ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள், படிவம் 8 கொடுத்துப் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளலாம். சட்டமும் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. பணியும் ஓட்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தால் காகிதம் கடக்க வேண்டிய தூரம் பெருமளவு குறையும். சொந்த ஊர் ஓட்டை விட மனம் வராது என்பது வேறு விஷயம்.

3. படிவத்தைக் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். தர மறுத்தால், நிரப்பிய படிவத்தையாவது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

4. இரண்டாவது வகுப்புக்குக் காத்திராமல், நடுவிலேயே ஓட்டு உள்ள தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். பாகம் எண் தவறு என்று அப்போது தெரிந்தால், ஏழு நாள் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கும்.